பதிமூன்றாம் தேதி ராத்திரி

அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் நான்கு பேரையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கருவிப் பையுடன் கிளம்புவார். ஊரில் எந்த லிஃப்ட் முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும்.

அம்மா நர்ஸ். அவருக்கு எப்போதும் இரவு டியூட்டி. ஏழரைக்குப் புறப்பட்டால் காலை எட்டரைக்குத்தான் வருவார். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது மாடிப்படியில். அவர் ஏறுவார், இவர் இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை? அன்று பகலில் அம்மா தூங்குவார். மற்ற மூன்று பேரும் பூனை மாதிரி நடப்பார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கிற ராத்திரியிலோ, எங்காவது ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்று தொலைக்கும்.

இந்த வீட்டை ஓட்டியது ஒரு நோட்டு. ஃபிரிட்ஜின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கியது. யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதில் எழுதி வைப்பார்கள். நோட்டுக்குப் பொறுப்பு பத்து வயது மகள். எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதால் அவளை அப்பா 'கலெக்டர்' என்று கூப்பிடுவார். அவளுடைய ஐந்து வயதுத் தம்பிக்குப் பெயர் உருண்டை. அவனைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்டதில்லை.

விடுமுறைக்குத் தீவுக்குப் போகலாம் என்ற முடிவுகூட அந்த நோட்டில்தான் பிறந்தது.

'எனக்கு 14 முதல் 18 வரை லீவு கிடைச்சிடுச்சு!' என்று அம்மா எழுதியிருந்தார்.

'எனக்கும் அதே தேதி! டிக்கெட் எடுத்துட்டேன். வியாழன் காலை ஆறரைக்குக் கப்பல்' என்று அப்பா கீழே எழுதியிருந்தார்.

அதற்கடுத்த பக்கத்தில் கலெக்டர் பெரிய எழுத்தில் கேட்டாள்: 'தீவில் யார் யாருக்கு என்ன ஆசை?'

'தென்னை மரத்தடியில் தூங்கணும். ஃபோன் அடிக்கக் கூடாது' என்றது அப்பாவின் எழுத்து.

'ஒரு முழுப் பகலை முழிச்சிருந்து பார்க்கணும்' என்றது அம்மாவின் எழுத்து.

உருண்டைக்கு எழுத வராது. ஒரு வாளி வரைந்தான்.

"வாளி எதுக்குடா?"

"கடலைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வரலாம்."

"சரி."

"அக்கா, தீவைச் சுத்திக் கடல்னு சொன்னியே, அப்ப கதவு எங்க இருக்கும்?"

கலெக்டர் தன் ஆசையை மட்டும் எழுதவில்லை. எழுதினால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம். அவளுக்குக் கடலும் வேண்டாம், தென்னையும் வேண்டாம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரே அறையில் தூங்க வேண்டும், காலையில் ஒன்றாக எழ வேண்டும்.

சனிக்கிழமை மாலை அவள் ஒரு பெரிய தாளில் பயணத் திட்டம் போட்டாள். புதன் மாலை பெட்டி கட்டுவது. வியாழன் நாலரைக்கு எழுவது. ஐந்தரைக்குத் துறைமுகம். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு வட்டம் போட்டு நான்கு பேரையும் உட்கார வைத்தாள்.

வியாழன் நாலரைக் கட்டத்தில் அம்மாவின் வட்டத்தைப் போடும்போது பென்சில் நின்றது.

பதினான்காம் தேதி விடிகாலை நாலரை. அப்போது அம்மா எங்கே இருப்பார்?

ஏழரைக்கு மாடிப்படியில் அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே வந்தபோது, அவள் தாளுடன் நடுவில் போய் நின்றாள்.

"அம்மா, பதிமூணாம் தேதி ராத்திரி உங்களுக்கு டியூட்டி இருக்கா?"

"இருக்கு. பதினாலுல இருந்துதானே லீவு."

"அந்த டியூட்டி எப்ப முடியும்?"

"காலையில எட்டு..." அம்மா பாதியில் நிறுத்தினார்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஒரு நாள் என்பது சாயங்காலம் ஏழரைக்குத்தான் தொடங்கும். அப்பாவுக்குக் காலையில். இரண்டு பேரும் ஒரே தேதியை எழுதிவிட்டு, சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"அடுத்த கப்பல்?" என்றார் அம்மா மெதுவாக.

"அடுத்த வியாழன். அதுக்குள்ள நம்ம லீவே முடிஞ்சிடும்."

அம்மா பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று அவர் படியிறங்கிய சத்தம் வெகுநேரம் கலெக்டர் காதிலேயே இருந்தது.

ஞாயிறு காலை நோட்டில் அம்மாவின் எழுத்து இருந்தது.

'எல்லாரையும் கேட்டாச்சு. 13 ராத்திரி ஓய்வில் இருப்பது ஒரே ஒருத்தர், கீழ்வீட்டு அக்கா. அவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. நான் வீட்ல நல்லா தூங்குவேன்.'

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "இவ வராம நாம அங்க போய் அலையையா எண்ணப் போறோம்?" என்று முணுமுணுத்தார்.

உருண்டை திட்டத் தாளை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா வட்டத்தை அழிக்கணுமா?"

"கை வச்சே, தெரியும் சேதி!" என்று கலெக்டர் தாளைப் பிடுங்கினாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

கீழ்வீட்டு அக்கா என்று அம்மா சொல்வது அதே ஆஸ்பத்திரி நர்ஸை. பிள்ளைகளுக்கு அவர் 'கறார் ஆன்ட்டி'. பந்து அவர் பால்கனியில் விழுந்தால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"அப்பா, கறார் ஆன்ட்டி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

"தனியாவா?"

"உருண்டையைக் கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப ஆன்ட்டிதான் பயப்படணும். போயிட்டு வா."

கறார் ஆன்ட்டி கதவைத் திறந்தார். கால்களில் துணி சுற்றியிருந்தது. மேசையில் பாதி இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் கிடந்தது.

"பதிமூணாம் தேதி விஷயம்னா முடியாது. ஒன்பது ராத்திரி தொடர்ந்து நின்ன கால் இது. அன்னிக்குத்தான் எனக்கு ஓய்வு" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

கெஞ்சலாம் என்றுதான் வந்தாள் கலெக்டர். வீங்கிய கால்களைப் பார்த்ததும் கெஞ்ச மனம் வரவில்லை.

"ரொம்ப வலிக்குதா ஆன்ட்டி?"

"வலிக்காம?" என்று சொன்ன ஆன்ட்டி, கொஞ்சம் இறங்கி வந்து, "உள்ள வாங்க. அவன் எதையும் தொடக் கூடாது" என்றார்.

உருண்டை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு அதிகாரி மாதிரி நின்றான்.

கலெக்டர் யோசித்தாள். அம்மா ஆன்ட்டியிடம் தனக்கு வேண்டிய ராத்திரியைத்தான் கேட்டிருப்பார். ஆன்ட்டிக்கு எது வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

"ஆன்ட்டி, உங்களுக்கு எந்த ராத்திரி வீட்டுல இருக்கணும்னு ஆசை?"

இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

"இருபத்தேழு" என்றார். "என் பொண்ணு வெளியூர்ல ஹாஸ்டல்ல படிக்கிறா. ஏதோ போட்டிக்குப் போறாளாம், வழியில ஒரே ஒரு ராத்திரி இங்க தங்குவா. ஒன்பது மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, காலையில ஆறு மணிக்கு ரயில் ஏறணும். எனக்கு அன்னிக்கு டியூட்டி. பூட்டின வீட்டுக்கு வந்து, பூட்டிட்டுப் போவா. எட்டு மாசமாச்சு அவளைப் பார்த்து."

"யாரையாவது மாத்திக்கக் கேட்டீங்களா?"

"நான் யாருக்கு மாத்திக் கொடுத்தேன், கேட்கிறதுக்கு?"

இருபத்தேழு. அது கலெக்டரின் பிறந்தநாள். ஒவ்வொரு வருஷமும் நாலு மணிக்குக் கேக் வெட்டுவாள், ஏழரைக்கு அம்மா போய்விடுவார். இந்த வருஷம்தான் அம்மா ஒரு மாதத்துக்கு முன்பே அன்றைக்கு ஓய்வு வாங்கி வைத்திருந்தார். "உன் பக்கத்துலயே படுத்துக்கிறேன். விடிய விடியக் கதை பேசலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ராத்திரியை அவள் தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள். கொடுக்க அவளுக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, தானே சாவி போட்டுக் கதவைத் திறக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தாள். அம்மா இல்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இருபத்தேழு அம்மாவுக்கு ஓய்வுதான் ஆன்ட்டி. நீங்க பதிமூணு பாருங்க, அம்மா இருபத்தேழு பார்ப்பாங்க."

"அது உன் பிறந்தநாள்னு உங்க அம்மா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வச்சிருக்காளே! அவளைக் கேட்டியா?"

"கேட்கல. ஆனா அந்த ராத்திரி என்னோடது. அம்மா எனக்குக் கொடுத்தது."

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. உருண்டை பின்னால் கட்டிய கைகளை அவிழ்த்து, அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

கறார் ஆன்ட்டி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு, "உங்க அம்மா எப்ப எழுந்துக்குவா?" என்றார்.

"மூணு மணிக்கு."

"மூணே காலுக்கு மேல வர்றேன். மாத்திக்கிறதுக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

வாசல் வரை வந்தவர், உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் ஏழு பந்துகள் இருந்தன.

அம்மா விஷயத்தைக் கேட்டதும் மகளைக் கட்டிக்கொண்டார். "உன் ராத்திரியை ஏன்டி கொடுத்தே?" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க இல்லாம தீவுக்குப் போறது இதைவிடக் கஷ்டம்."

புதன்கிழமை ராத்திரி அம்மா வீட்டிலேயே தூங்கினார். பழக்கதோஷத்தில் மூன்று மணிக்கு எழுந்து எல்லோருடைய நெற்றியையும் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாராம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

துறைமுகத்தில் குளிர்காற்று அடித்தது. கப்பலின் வாசலில் டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டினார். கலெக்டர்தான் டிக்கெட்டுகளைக் கொடுத்தாள்.

"எத்தனை பேரும்மா?"

அவளுக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பிப் பார்த்தாள். அப்பா பெட்டியோடு நின்றார். உருண்டை வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்திருந்தான். அம்மா விழித்திருந்தார்.

"நாலு பேர்."

"எல்லாரும் வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு!" என்றாள். துறைமுகத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

பரிசோதகர் சிரித்துக்கொண்டே நான்கு டிக்கெட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் கிழித்துக் கொடுத்தார்.