விக்கி காற்றடித்த கப்பல்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று அம்மா சொல்வார். ஆயுத பூசை அன்று என் இரண்டு காதும் மிளகாய்ப் பழம் போல இருந்திருக்கும். காரணம், என் தம்பி விக்கி. அவன் செய்ததைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். வராவிட்டால் உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

நான் வெற்றிச்செல்வி. ஏழாம் வகுப்பு. விக்கி இரண்டாம் வகுப்பு. பாடாலூரில், சென்னைக்குப் போகிற பெரிய ரோட்டோரம் எங்கள் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. இரவும் பகலும் லாரி போகிற ஊர். கடல் கிடையாது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் மூன்று மாதமாக ஒரு கப்பல் கட்டினேன்.

விளையாட்டுக் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இது அளவு மாதிரி. உண்மையான சரக்குக் கப்பலை முந்நூற்றைம்பது மடங்கு சின்னதாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும்.

பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் வாங்கிய நீல அட்டைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கப்பல் ஆசையே வந்தது. ஜூன் மாதக் கடைசியில் தேவயானி சித்தி என்னைத் திருச்சியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். பாய்மரமும் பீரங்கியும் படம் போட்ட பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"இத எடுத்துக்கடி. பாக்க எவ்ளோ ஜோரா இருக்கு!"

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை மடங்கு சின்னது என்று எங்குமே போடவில்லை. எண் போடாத பெட்டியை எப்படி நம்புவது? பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் 1/350 என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதைத்தான் எடுத்தேன். சித்திக்குக் கொஞ்சம் வருத்தம்.

உள்ளே நூற்று இருபத்தாறு துண்டுகள். செய்முறைத் தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் படமும் அம்புக்குறியும்தான். பெட்டி மேலிருந்த படமோ கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியது. மறுபக்கம் தெரிய வேண்டுமென்றால் நீலப் புத்தகத்தில் அதற்கான பக்கத்தைத் தேடி எடுப்பேன். கிரேன் ஒட்டும்போது கிரேன் பக்கம். உயிர்காப்புப் படகு ஒட்டும்போது படகுப் பக்கம். மற்ற பக்கங்களைப் படிக்க எனக்கு நேரமே இல்லை.

விஜயதசமிக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் கண்காட்சி. மலர்கொடி டீச்சர் வகுப்பில் வந்து சொல்லிவிட்டார்.

"நம்ம ஸ்கூல்லேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் பெரம்பலூர் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். யார் மாடல் செஞ்சாலும் அளவு தப்பாம இருக்கணும்."

என் பின்னால் உட்கார்ந்திருந்த இளவரசன் சிரித்தான்.

"பாடாலூர்ல கப்பலா? எங்க வுடுவ, தண்ணி டேங்க்லயா?"

'பெரம்பலூருக்குப் போய்க் காட்டுகிறேன் பார்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது விக்கியிடம் வருவோம்.

ஆயுத பூசை அன்று காலையில் நான் அம்மாவோடு பூ வாங்கப் போயிருந்தேன். அப்பா கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விக்கியிடம் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரையும் கொடுத்து, "ஸ்பேனர், ஜாக்கி, சைக்கிளு... ஒண்ணு வுடாம கழுவிப் பொட்டு வெக்கணும், சரியா?" என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்று விடாமல் கழுவியிருக்கிறான்.

நான் திரும்பி வந்தபோது கடை வாசலில் எல்லாம் வரிசையாக நின்றன. ஸ்பேனர், ஜாக்கி, அப்பாவின் பைக், விக்கியின் சைக்கிள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வரிசையின் கடைசியில் என் கப்பல்.

முன்பக்கத்தில் மூன்று பெரிய பொட்டு. நடுவில் விபூதிப் பட்டை. பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. மேலே ஒன்றுமே இல்லை. நான்கு கிரேன்கள் இல்லை. கொடிக்கம்பம் இல்லை. உயிர்காப்புப் படகுகள் இல்லை. மாலுமிகள் தங்கும் மேல்கட்டடமும் பின்னால் மொட்டையாக ஒரு பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என் கப்பல்ல கிரேன் எங்கடா?"

"அக்கா, நல்லாக் கழுவுனேன்க்கா. இண்டு இடுக்கெல்லாம் ஒரே தூசி."

"கிரேன் எங்க?"

"கழுவுனா ஈரமா இருந்துச்சா... அதான் காத்தடிச்சுக் காய வெச்சேன்."

லாரி டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் குழாயால் அடித்திருக்கிறான். மூன்று மாதமாகச் சாமணத்தால் பிடித்துப் பிடித்து நான் ஒட்டிய துண்டுகள் எல்லாம் ஒரே நொடியில் ரோட்டுக்குப் பறந்துவிட்டன. அந்தப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

நான் கத்திய கத்தலில் அப்பா ஓடி வந்தார். கப்பலைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"சிரிக்காதீங்கப்பா! யாரு இவன என் கப்பலத் தொடச் சொன்னது?"

"ஒண்ணு வுடாமன்னு நாந்தாம்மா சொன்னேன். இவன் பீரோ மேல ஏறுவான்னு கண்டேனா?"

விக்கி என் கையைப் பிடித்தான்.

"கப்பலும் வண்டிதானக்கா? எல்லா வண்டிக்கும் பொட்டு வெச்சுட்டு அதுக்கு மட்டும் வெக்கலன்னா, அது என்ன நெனைக்கும்?"

நான் கையை உதறினேன். "இனிமே என்னை அக்கான்னு கூப்புடாத. எங்கிட்டப் பேசாத."

அவன் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், துளிகூட வரவில்லை.

சாயங்காலம் பூசை முடிந்தது. உடைந்த இடங்களை எப்படிச் சரிசெய்வது என்று பார்க்க நீலப் புத்தகத்தைத் தேடினேன். அது சாமி படத்துக்கு முன்னால், பாடப் புத்தகங்களோடு சந்தனம் வைத்து அடுக்கியிருந்தது. கையை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டார்.

"சாமிகிட்ட வெச்ச புத்தகத்த இன்னைக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல எடுத்து ஒரு பக்கமாவது படி. அதான் முறை."

"நாளை மறுநா கண்காட்சிம்மா!"

"நாளைக்குக் காலைலன்னு சொன்னேன்ல?"

பூசையில் வைத்ததால் இன்றைக்குக் கப்பலையும் தொட முடியாது, புத்தகத்தையும் தொட முடியாது. வீட்டில் எல்லாரும் பொரி கடலை சாப்பிட்டார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் குளித்ததும் அம்மா நீலப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "படி. ஒரு பக்கம்."

கிரேனே இல்லாமல் கிரேன் பக்கத்தைப் பார்த்து என்ன செய்வது? வெறுப்பில் கண்ட இடத்தில் திறந்து, படபடவென்று சத்தமாகப் படித்தேன்.

"கப்பல் முதன்முதலாக நீரில் இறங்கும் நாளில் அது முழுமையாக இருப்பதில்லை. உடற்பகுதி முடிந்ததும் சாய்தளத்திலிருந்து நீருக்குள் இறக்குவார்கள். கிரேன்கள், கம்பங்கள், படகுகள் ஆகியவற்றை அதன் பிறகே பொருத்துவதும் உண்டு. நம் நாட்டில் அன்றைக்குப் பூசை செய்து, தேங்காய் உடைத்து..."

நிறுத்தினேன். எதிர்ப்பக்கத்தில் படம் இருந்தது. சரிவான தளத்தில் ஒரு பெரிய கப்பல். கிரேன் இல்லை. கொடிக்கம்பம் இல்லை. மேலே மொட்டை. முன்பக்கத்தில் மாலை. மாலைக்கு மேலே சந்தனமும் குங்குமமும்!

படத்தைப் பார்த்தேன். என் கப்பலைப் பார்த்தேன். மறுபடியும் படத்தைப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. மூன்று மாதமாகக் கையில் வைத்திருந்த புத்தகம். இந்தப் பக்கத்தை இத்தனை நாள் ஏன் படிக்கவில்லை? இந்தக் கோபத்தை விக்கி மேல் போட முடியாது. அதனால் அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"விக்கி எங்கம்மா?"

"விடிஞ்சதுலேர்ந்து கடை வாசல்லதான் கெடக்கறான். சாப்புடவும் வரல."

போய்ப் பார்த்தேன். ரோட்டோர மண்ணில் முட்டி போட்டுக்கொண்டு, அப்பாவின் பெரிய காந்தத்தால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான்.

"பிளாஸ்டிக் காந்தத்துல ஒட்டாதுடா, மக்கு!"

அவன் நிமிர்ந்தான். பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொரிப் பையை மட்டும் நீட்டினான். உள்ளே எட்டு வால்வு மூடி, கொஞ்சம் ஆணி, உடைந்த பேனா முனை ஒன்று. அவற்றுக்கு நடுவே புளியங்கொட்டை அளவில் மூன்று ஆரஞ்சுப் படகுகள். என் உயிர்காப்புப் படகுகள்!

அந்தப் படகுகளை அவன் கண்ணால்தான் தேடி எடுத்திருக்க வேண்டும். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எந்திரி. வேலை இருக்கு," என்றேன். "பேசலாம்."

"அக்கா!" என்றான் உடனே.

அப்பாவிடம் உப்புத்தாள் வாங்கி, உடைந்த முனைகளை எல்லாம் மழமழவென்று தேய்த்தேன். தீக்குச்சிகளை அடுக்கி ஒட்டிச் சாய்தளம் கட்டினேன். இரண்டு மில்லிமீட்டர் தீக்குச்சி உண்மையில் எழுபது சென்டிமீட்டர் கனமுள்ள மரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். பிறகு ஈரத் துணியால் மூன்று பொட்டையும் துடைக்கப் போனேன்.

"என் பொட்ட அழிக்கறியா?" விக்கியின் உதடு பிதுங்கியது.

"இந்தப் பொட்டு ஒரு சென்டிமீட்டர். நெஜக் கப்பல்ல இது எவ்ளோ பெரிசா இருக்கும் தெரியுமா? மூணரை மீட்டர். நம்ம கடை ஷட்டர் அளவுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

விக்கி திரும்பி ஷட்டரை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப எவ்ளோ வெக்கணும்?"

ஊசி ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். "ஊசி முனையால தொட்டு வை. என் கை பெரிசு. உன்னால முடியும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். சந்தனம் மூன்று புள்ளி. குங்குமம் மூன்று புள்ளி. கொஞ்சம்கூடக் கோணவில்லை. பூக்கட்டும் நாரிலிருந்து ஓர் இழையைப் பிரித்து நான் மாலை போட்டேன்.

"திருஷ்டிப் பூசணிக்கா?" என்றான். "அது இல்லாம வண்டிய எடுக்கக் கூடாதுல்ல?" சமையலறைக்கு ஓடிக் கடுகு எடுத்து வந்தான்.

"கடுகு பெரிசுடா. கறுப்பா வேற இருக்கு. கசகசா எடுத்துட்டு வா."

ஒரு கசகசா ஒரு மில்லிமீட்டர். முந்நூற்றைம்பதால் பெருக்கினால் முப்பத்தைந்து சென்டிமீட்டர். நல்ல கனமான சாம்பல் பூசணி!

கண்காட்சியில் மலர்கொடி டீச்சர் என் மேசைக்கு முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கினார். "கிரேனெல்லாம் எங்கம்மா?"

"ஒடஞ்சு போச்சு போலருக்கு டீச்சர்," என்றான் இளவரசன் பின்னாலிருந்து.

நான் நீலப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். "இது கப்பல் மொத மொதல்ல தண்ணியில எறங்குற நாள் டீச்சர். கிரேன் இதுக்கப்புறந்தான் பொருத்துவாங்க."

டீச்சர் படத்தையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்லேர்ந்தே இப்படிச் செய்யணும்னு நெனச்சியா?"

"இல்ல டீச்சர். இளவரசன் சொன்ன மாதிரி ஒடஞ்சுதான் போச்சு. அதுக்கப்புறம் யோசிச்சேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். "அளவு? இந்தச் சின்ன உருண்டை என்னது?"

"பூசணிக்கா டீச்சர். முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்."

இளவரசனும் குனிந்து பார்த்தான். பார்த்தவன் 'அச்' என்று தும்மினான். பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

என் காது சூடானது. அதற்குள் இரண்டாம் வகுப்பு வரிசையிலிருந்து விக்கி ஓடி வந்து சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"ஸ்பேர் இருக்கு!"

பஞ்சர் கடைக்காரர் பிள்ளை. ஸ்பேர் இல்லாமல் வெளியே வருவானா?

டீச்சர் கப்பலுக்கு முன்னால் நான் வைத்திருந்த அட்டையைப் படித்தார். 'அளவு 1/350. கட்டியவர்: வெற்றிச்செல்வி. பூசை போட்டவர்: விக்கி.' படித்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் பெரம்பலூர் என்று எழுதி, அதன் கீழே எங்கள் இருவர் பெயரையும் எழுதினார்.

வீட்டுக்குப் போகும்போது விக்கி மெதுவாகக் கேட்டான்.

"கோவம் போயிடுச்சாக்கா?"

"இல்ல. இன்னும் இருக்கு."

"எவ்ளோ?"

"முந்நூத்தம்பதுல ஒரு பங்கு."

விக்கி சட்டைப் பையிலிருந்து ஒரு கசகசாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தான். "இவ்ளோதானா?" என்று சொல்லி, 'ஃபூ' என்று ஊதிவிட்டான்.