ரூபாவை அழவைத்த பைப்

மோகனப்ரியா வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். காலை ஆறரைக்கு வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். அந்த அரைமணி நேரத்துக்குள் பின்பக்கப் பந்தலில் இருக்கும் புடலங்கொடிக்கு அவள் தண்ணீர் விட்டாக வேண்டும்.

விதை போட்டதிலிருந்து அவளே வளர்த்த கொடி அது. இப்போது அதில் ஒன்பது பிஞ்சுகள் தொங்கின. வளையாமல் நேராக நீளட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கல்லைக் கட்டியிருந்தாள். ஆனால் திருப்பதியின் மே மாத வெயிலில் இரண்டு பிஞ்சுகள் சுருங்கிவிட்டன.

காரணம் ஓஸ் பைப். மூன்று மாதத்தில் மூன்று பைப்புகள் போய்விட்டன.

மூன்றையும் வாங்கியவர் அவள் நைனா, அதாவது அப்பா, ஆதிகேசவன். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் பைப்பை, தன் ஆட்டோவைப் போல மஞ்சளாக இருக்கிறதே என்று வாங்கினார். இரண்டாவதைச் சித்தூருக்குச் சவாரி போன இடத்தில் வாங்கினார். அதன் அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் விட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளு சிரிக்கிறத பாத்தாலே தெரியுது, நல்ல பைப்புதான்" என்றார் நைனா.

மூன்றாவது, தூக்குவதற்கு லேசாக இருந்ததாம்.

மூன்றையும் முடித்துவைத்தவள் தங்கை ரூபா. வயது நாலு. முதல் பைப்பை மடக்கி மடக்கித் தண்ணீரை நிறுத்தி விளையாடினாள். மடித்த இடத்தில் அது வெடித்தது. இரண்டாவதன் மேல் தன் மூன்று சக்கரச் சைக்கிளை ஓட்டினாள். அது நசுங்கியது, திரும்ப எழவே இல்லை.

மூன்றாவது பைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் ரயில் ஓட்டியது நேற்று. இழுத்த வேகத்தில் பைப் நீண்டு, வாய் கிழிந்து, குழாயிலிருந்து கழன்றது. சீறிப் பாய்ந்த தண்ணீர் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நரசிம்மன் சார் மேல் விழுந்தது. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார் அவர்.

"ஆதிகேசவா! நான் வீட்லயே குளிச்சிட்டுத்தான்யா வந்தேன்!" என்று கத்தினார்.

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு பைப்பு வாங்குறேன். அதுவும் போச்சுன்னா கொடிய புடுங்கிட வேண்டியதுதான். தண்ணி வுடும்போது ரூபாவ உள்ள வெச்சுப் பூட்டிடு."

கொடியைப் பிடுங்குவதா? மோகனப்ரியா பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரூபாவைப் பார்த்தாள்.

"பூட்ட வேணாம் நைனா. கடைக்கு அவளையும் கூட்டிக்கினு போலாம்."

"இன்னாத்துக்கு? கடைய உடைக்கவா?"

"ஆமா" என்றாள் மோகனப்ரியா.

கிளம்பும் முன் குழாயிலிருந்து துவைக்கிற கல்லைச் சுற்றிப் பந்தல் வரைக்கும் ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து, பந்தலை எட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரர் சிரஞ்சீவி ஒரு நீலப் பைப்பை எடுத்துப் போட்டார். "நம்பர் ஒன் சரக்கு, ஆதிகேசவா. ஆனையே ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது."

ரூபா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஆனை எங்க மாமா?"

"இங்க ஏது பாப்பா ஆனை?"

"நாங்க கூட்டிக்கினு வந்திருக்கோம் மாமா" என்றாள் மோகனப்ரியா. "ரூபா, வெளையாடு."

ரூபாவால் நம்ப முடியவில்லை. கடையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

நீலப் பைப்பை மடக்கி அதன் மேல் உட்கார்ந்தாள். எழுந்தபோது, மடித்த இடம் வெள்ளைத் தழும்பாக நின்றது.

அடுத்த பைப்பின் மேல் குதித்தாள். அது அப்பளமாகிவிட்டது.

இன்னொன்றின் நுனியை நைனாவிடம் கொடுத்துவிட்டு, மறுநுனியைப் பிடித்து இழுத்தாள். அது ரப்பரைப் போல நீண்டது.

"நீளுதே, நல்லதுதான?" என்றார் நைனா.

"நீளும் நைனா. அப்புறம் கழண்டுக்கினு நேரா நரசிம்மன் சார்கிட்ட போயிடும்."

"பாபோய்! இது பாப்பாவா, புல்டோசரா?" என்று அலறிய சிரஞ்சீவி, ஏணி போட்டுப் பரண்மேல் ஏறினார். தூசி படிந்த ஒரு சுருளைக் கீழே இறக்கினார். பச்சை நிறம். தடிமனாக இருந்தது. உள்ளே வலை மாதிரி நூல் பின்னியிருந்தது.

"பாக்க அழகா இல்லன்னு இத யாரும் கேக்கறதில்ல" என்றார்.

ரூபா மடக்கினாள். பைப் நிமிர்ந்துகொண்டது. குதித்தாள். வழுக்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பொத்தென்று உட்கார்ந்ததுதான் மிச்சம். ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இது கெட்ட பைப்பு! சொன்ன பேச்சே கேக்கல!"

"மாமா, இதையே குடுங்க" என்றாள் மோகனப்ரியா.

சிரஞ்சீவி கயிற்றை வைத்து, முடிச்சு வரைக்கும் அளந்து வெட்டினார். குழாயோடு சேர்த்து இறுக்க ஒரு இரும்புக் கிளிப்பும் கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போதும் ரூபா விசும்பிக்கொண்டே வந்தாள். மோகனப்ரியாவுக்குப் பாவமாக இருந்தது. தங்கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இனிமே கொழாய தொறக்கற வேல ஒனக்குத்தான். நான் 'ம்'னா தொறக்கணும், 'போதும்'னா மூடணும். வேற யாரும் தொடக்கூடாது."

விசும்பல் நின்றது. "நைனாகூடவா?"

"நைனாகூடத்தான்."

அடுத்து தண்ணீர் வந்த காலையில் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் நரசிம்மன் சார் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர்ச் சுவரோரமாக, பக்கவாட்டில் நடந்தார். இந்தப் பக்கம் ரூபா குழாயருகில் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றாள்.

"ம்!" என்றாள் அக்கா.

தண்ணீர் நேராகக் கொடிக்குப் போனது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. தெருமுனைக்குப் போன நரசிம்மன் சார் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் குடையை மடக்கினார்.

மூன்று வாரத்தில் ஒரு புடலங்காய் ரூபாவைவிட உயரமாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மூவரும் சிரஞ்சீவியின் கடைக்குப் போனார்கள்.

அங்கே கம்பெனியிலிருந்து சரக்கு விற்க வந்திருந்த ஒருவர் புது பிளாஸ்டிக் ஸ்டூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, "ஆனையே ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரஞ்சீவி வாசலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாம்மா ரூபா, வா!"

ரூபா புடலங்காயை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினாள்.