நான்கு கையுறைகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பேய் நுழையவே முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஈப்போவில், தன் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஆர்கன் வாயுப் பெட்டி என்பது ரூபனின் ஆராய்ச்சி முடிவு. உள்ளே காற்றில்லை, ஈரமில்லை. பேய் வந்தாலும் மூச்சுத் திணறும்.

துப்புரவு செய்யும் காளியம்மாவிடமும் இதை விளக்கியிருந்தான். அந்தப் பெட்டிப் பக்கம் வரும்போதெல்லாம் அவர், "ஐயா, கொஞ்சம் வழி விடுங்க, வேல முடிச்சிட்டுப் போயிடுறேன்" என்று முணுமுணுப்பார்.

"அக்கா, அது பெட்டிலா. பஸ் கண்டக்டர் இல்ல."

"சுங்கை சிப்புட்ல அந்தப் பால்மரத்த வெட்டினப்ப யார்கிட்டயாச்சும் கேட்டீங்களா தம்பி? தோட்டத்துச் சுடுகாட்டு ஓரத்து மரம்."

"கேட்டேன்கா. ஓகேன்னுச்சு."

அந்த ரப்பர் மரத்தின் கரியில்தான் சிலிக்கானைக் கலந்து பேட்டரிக்கு ஆனோடு மின்முனை செய்திருந்தான். மின்னேற்றும்போது சிலிக்கான் ஊதிப் பெருத்து எல்லாக் கரியையும் உடைத்துவிடும். இந்தக் கரி மட்டும் உடையவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு பேட்டரிக்கான பொடி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதை ஓட்டிக் காட்டாவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சியும் முடிந்தது.

மதியம் மூன்று மணி. பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் முழங்கை வரை கைகளை நுழைத்து, இடுக்கியால் லித்தியத் தகட்டை எடுத்தபோது, பம்ப்பின் முனகலுக்கு அடியில் எங்கிருந்தோ புகைபோட்ட ரப்பரின் புளித்த வாடை வந்தது. இரண்டு பேர் வேலை செய்யும் பெட்டி அது, நான்கு கையுறைகள். யாரும் போடாதவை வாயு அழுத்தத்தில் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

பக்கத்துக் கையுறை உள்ளே இருந்தது.

அதன் விரல்கள் ஒவ்வொன்றாகப் புடைத்தன. ரூபன் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாருமில்லை.

அது அவன் மணிக்கட்டைப் பிடித்தது. காய்த்துப்போன பிடி. இழுத்தான். ரப்பர் நெறிந்தது. இன்னும் இழுத்தால் கிழியும், காற்றுப் புகும், பொடி, தகடு எல்லாம் வீண்.

இழுக்கவில்லை.

"அக்கா..." என்று கதவுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான்.

நான்காவது கையுறையும் உள்ளே போனது.

அதன் ஆட்காட்டி விரல் அவன் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டது. இடமிருந்து வலமாக. சாய்வாக. பால் வெட்டுவதற்கு மரத்தில் போடுவதைப் போல. பிறகு, பேட்டரிக்கு வைத்திருந்த காசளவு எஃகுக் கிண்ணத்தை எடுத்து, பால் பிடிக்கும் மங்கு வைப்பதுபோல, கோடு முடியும் இடத்துக்கு நேர் கீழே வைத்தது.

"ஐயா," என்றான் ரூபன், மிக மெதுவாக. "கொஞ்சம் வழி விடுங்க. வேல முடிச்சிட்டுப்..."

விரல் அதே கோட்டில் மறுபடியும் போனது. கொஞ்சம் ஆழமாக.