ஐந்தாம் நாள் பிராது

என் வயிற்றில் எதுவும் இல்லை. முட்டையை வெளியே எடுத்தே ஐந்து நாளாகிறது. எத்தனை தடவைதான் சொல்வது? கரு புதுச்சேரி ஆஸ்பத்திரியில், கண்ணாடித் தட்டில், கதகதப்பான ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. நான் துணி காயப்போட்டால் அதற்கென்ன, கட்டிலிலேயே கிடந்தால் அதற்கென்ன!

சொல்ல நினைத்ததையெல்லாம் திரௌபதி எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்துப் பெண் இப்போதுதான் பேசி முடித்திருந்தாள். போன் இன்னும் கையில் இருந்தது.

"நாலு இருக்குதுன்னு சொன்ன... இப்ப ஒண்ணுதாங்கற! மீதி மூண என்னடி பண்ண?" வழியை மறித்து நின்றாள் மாமியார் பெரியநாயகி.

"நான் ஒண்ணும் பண்ணல அத்த. மூணாம் நாளு நாலும் நல்லா இருந்துச்சு. அஞ்சாம் நாளு வரைக்கும் எல்லாம் தாங்காதாம். ஒண்ணுதான் முழுசா வளந்திருக்குது. அத இன்னைக்கு மதியம் உள்ள வக்கிறாங்க. இனிமேதான் வக்கிறாங்க!"

"தாங்காதாம்! நேத்து மாடிப்படி ஏறித் துணி எடுத்தியே, அப்புறம் எப்படித் தாங்கும்? மூணு உசுரு... தொலைச்சிட்டு வாயப் பாரு!"

திரௌபதி கணவனைப் பார்த்தாள். கொளஞ்சிநாதன் தலை குனிந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வாயில் வைக்கவில்லை. டாக்டர் தாளில் படம் வரைந்து விளக்கியபோது அவனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்த சின்னப் பந்தாகும். நிறைய கரு வழியிலேயே நின்றுபோகும். அதில் யார் குற்றமும் இல்லை. அன்றைக்கு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அவனுக்கு விந்தணுக்கள் மிகக் குறைவு. பதினாறு வருடம் பீங்கான் கம்பெனியில் சூளை வெக்கையிலேயே நின்றது ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று திரும்பும்போது புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத..."

அவள் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சொல்லவில்லை. தெருவில் வளைகாப்புக்கு அவளை அழைப்பதை நிறுத்தினார்கள். அப்போதும் சொல்லவில்லை.

பெரியநாயகி இடுப்பிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதியாச்சு. கையெழுத்துப் போடு. நீ பஸ் ஏறு, நான் போயி கட்டிட்டு வந்துடறேன்."

மனக்குறையைப் பிராதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிட்டால் அந்த முருகன் விசாரித்துத் தீர்ப்பான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. திரௌபதிக்கும் அது உண்டு. மூடி திறந்த பேனாவோடு தாளை வாங்கிப் படித்தாள்.

'திரௌபதியாகிய என் வயிற்றுக் குற்றத்தால் இந்தக் குடும்பம் வாரிசு இல்லாமல் நிற்கிறது...'

என் வயிற்றுக் குற்றம்! சாமியிடமே பொய்யா? அவளுக்குக் காது மடல் கொதித்தது.

"என்னங்க," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உங்க சூளைல நூறு பொம்ம அடுக்குனா நூறும் முழுசாவா வருது? வெடிச்சத ஓரமா ஒதுக்கிட்டுப் போறீங்க இல்ல? அடுக்கிக் குடுத்தவ மேல பழி போட்டு, கோயிலுக்கு எழுதி வாங்குவீங்களா? வாயத் தொறங்க! எனக்காக வேணாம். அங்க ஒண்ணு அஞ்சு நாளா தாக்குப் புடிச்சு நிக்குதே... அதுக்காகவாவது தொறங்க!"

அவன் தட்டைத் தள்ளினான்.

"அம்மா... கொறை எங்கிட்டதான். அவகிட்ட ஒண்ணும் இல்ல. நான்தான் சொல்லாதன்னு அவ கையப் புடிச்சேன்."

பெரியநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு தடுமாறி எழுந்து வந்து மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "பாவி நான்... என்னென்ன பேசிட்டேன்! எல்லாத்தயும் கேட்டுக்கிட்டு இருந்தியேடி, என் தாயே!"

திரௌபதியும் அழுதாள். இரண்டு வருடத்தில் இந்தக் கை அவள் முதுகைத் தொட்டதே இல்லை. அந்தக் கை தடவத் தடவ அவளுக்கு அழுகை கூடியது.

"தாயி..." காதருகே அத்தையின் குரல் தாழ்ந்தது. "இது இந்த வூட்டோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா அவன் கம்பெனில தல நிமிந்து நடக்க முடியுமா? ஆம்பள இல்லியா... இத்தினி நாளு தாங்கிட்ட. அந்தத் தாளுல நீயே கையெழுத்துப் போட்டுடு. சாமிக்கு உண்ம தெரியாதா என்ன?"

திரௌபதியின் அழுகை நின்றது. முதுகிலிருந்த கையை மெல்ல எடுத்து விலக்கினாள். பேனாவை மூடினாள். தாளை நான்காக மடித்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். ஆஸ்பத்திரி பைலைப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்த. போயிட்டு வரேன்," என்றாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."