கறுக்காத பித்தளை

ஆடிக்காற்று பட்டால் பித்தளை கறுத்துப்போகும். குத்துவிளக்கு கறுக்கும், செம்பு கறுக்கும், கதவுக் குமிழ் கறுக்கும். ராஜபாளையத்துப் பெண்கள் புளியும் கையுமாகத் திரிகிற மாதம் அது. அழகுத்தாய் வீட்டில் புதிதாக மாட்டிய ஜன்னல் கைப்பிடிகளும் ஒரு வாரத்துக்குள் கறுத்துவிட்டன, ஒன்றைத் தவிர. மேற்கு அறை ஜன்னலில் இருந்தது மட்டும், இப்போதுதான் யாரோ தேய்த்துத் துடைத்துவிட்டுப் போன மாதிரி பளபளவென்று இருந்தது.

அதை யாரும் தேய்க்கவில்லை. தேய்க்கிற ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

முதலில் அவள் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். எதையும் பெருமையாக எடுத்துக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. தெருவிலேயே முதல் மொசைக் தரை தன் வீட்டில்தான் என்பதைத் தபால்காரரைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னவள். "அசல் பித்தளைன்னா அப்படித்தான்க்கா" என்று முடுக்குச் சந்துக்கு அந்தப்பக்கம் இருந்த கிருபாபாயிடம் சொல்லிவிட்டாள். கிருபாபாய் வீட்டில் டிவி வந்த நாளிலிருந்து அவளிடம் சொல்வதற்கு இவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

போன வருஷக் காற்றில் பழைய இரும்புக் கைப்பிடிகள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிட்டன. வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல்கள் அவை. காற்றடித்தால் தாழ்ப்பாள் துள்ளிக் கழன்று, கதவு போய்ச் சுவரில் அறையும். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு இழுத்துச் சாத்த ஒரு பிடி வேண்டும். அதிலும் இந்த வருஷம் மேற்கு அறையில் தொட்டில் தொங்கியது. பத்து வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பின் பிறந்த பெண் குழந்தை, எட்டு மாதம். அதன் முகத்தில் காற்று பட்டால் தாய்க்கு மூச்சு முட்டும்.

கைப்பிடி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற காசிராஜன் கடை அங்கேதான். மில்லில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் தனுஷ்கோடிக்கு அதில் இஷ்டமில்லை.

"புதுசா அலுமினியம் வாங்குவோம்ட்டி. கனமில்லாம இருக்கும்."

"கனமில்லாதது போதும்னா ஒங்களையே பிடிச்சு மாட்டிரலாமே."

காசிராஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், காட்டை ஒட்டி இருந்த ஒரு வீட்டை இடித்த சாமான். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஓர் எழுத்து: கி, தெ, வ, மே.

"எந்தத் திசையில இருந்துச்சோ அந்தத் திசையிலதான் மாட்டணும் தாயி. இடிச்ச வீட்டுச் சாமானுக்கு அதான் மொறை."

"மாத்துனா?"

"நாங்க மாத்திக் குடுக்க மாட்டோம்."

கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, அழகுத்தாய் எடுத்து வைத்தாள். 'மே' போட்டது மற்றவற்றைவிட மெலிந்திருந்தது. வளைவின் உட்பக்கம் நான்கு பள்ளம். விரல்களை வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன.

தனுஷ்கோடி வாங்கித் திருப்பிப் பார்த்தான். "தொறந்து அடைச்சா இப்படித் தேயாது. பிடிச்சு இழுத்துக்கிட்டே நின்னாத்தான் தேயும்."

"யாரு நிக்கப்போறா? ஒங்களுக்கு எதுலயும் ஒரு நொட்டை."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மேற்கில் இருந்தது மேற்கில் ஏறியது.

ஆடி பிறந்தது. பகலெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்து தென்னைகளைத் தலைவிரித்து ஆட வைத்துவிட்டு, பொழுது சாய்கிற நேரம் யாரோ கதவைச் சாத்தினாற்போல் காற்று சட்டென்று நின்றுபோகும். எல்லா ஜன்னல்களும் அடங்கிவிடும். மேற்கு ஜன்னல் மட்டும் செத்த நேரம் சட்டத்துக்குள் தடதடத்துக்கொண்டே இருக்கும். காற்றின் மிச்சம் என்று பின்கட்டில் இருந்தபடியே அழகுத்தாய் நினைத்துக்கொள்வாள். வெளியே கிருபாபாய் வீட்டு வேப்பமரத்தில் ஓர் இலை அசையாமல் இருப்பதையும் பார்ப்பாள். பார்த்ததை உடனே மறக்கவும் பார்ப்பாள்.

அந்த அறையில் வசம்பு சுட்ட வாடை வேறு. குழந்தைக்கு அவள் வசம்பு உரசிக் கொடுத்ததெல்லாம் நாலாம் மாதத்தோடு சரி.

ஒருநாள் குழாயடியில் வைத்துக் கிருபாபாய் கேட்டுவிட்டாள். கேட்டதும் தனியாக இல்லை, நாலு குடம் வரிசையில் இருக்கும்போது.

"ஏட்டி அழகு, தெருவப் பாக்கணும்னா ஜன்னலத் தொறந்து வச்சே பாரேன். மூடுன கண்ணாடிக்குப் பின்னால நின்னு என்னத்தக் காணப்போற?"

"நான் எங்கக்கா நின்னேன்?"

"நேத்து நின்ன. முந்தாநேத்தும் நின்ன. வெளக்கு வைக்குற நேரமானா கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிழலு. பூக்கண்ணாடின்னா வெளிய தெரியாதுன்னு நெனச்சுட்டியாக்கும். காளிராஜ் வீட்டுச் சண்டையக் கேக்கத்தான?"

குடத்துக்காரிகள் சிரித்தார்கள். அழகுத்தாய்க்குக் காது மடல் சுட்டது. காளிராஜ் வீட்டுச் சண்டையை அவள் முந்தின நாள் காலையிலேயே, அந்த வீட்டுக்காரி வாயாலேயே, முதலிலிருந்து கடைசிவரை கேட்டு முடித்திருந்தாள். அதற்காக ஜன்னலில் போய் நிற்க வேண்டிய நிலைமை அவளுக்கு இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் பின்கட்டில் குழந்தைக்குக் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருப்பாள்.

வாழ்க்கையில் முதல்தடவையாகச் செய்யாத குற்றத்துக்குப் பேர் வாங்கியிருக்கிறோம் என்ற கோபத்தில் வீடு வந்தவளுக்கு, கோபம் ஆறிய பிறகுதான் மற்றது உறைத்தது. நிழல் நின்றது வெளியே இல்லை. உள்ளே.

அன்று சாயங்காலம் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கைப்பிடி முழுக்கத் தடவினாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த அறையின் ஒரே வாசலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாரும் உள்ளே போகவில்லை. யாரும் வெளியே வரவில்லை. காற்று நின்றது. ஜன்னல் தடதடத்தது. வசம்பு மணத்தது. எல்லாம் அடங்கிய பிறகு எழுந்துபோய் விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

கரி அப்படியே இருந்தது, உட்பள்ளங்கள் நான்கையும் தவிர. அங்கே மட்டும் பித்தளை மின்னியது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

தனுஷ்கோடி சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினான்.

"கழட்டித் தாரேன், கொண்டுபோய்க் கடைக்காரருகிட்டயே குடுத்துட்டு வா. சாயங்காலம் ஷிஃப்ட்டுக்குப் போகுமுன்னாடி நான் அலுமினியம் ஒண்ணு மாட்டி வைக்கேன். நான் அப்பவே சொன்னேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கைப்பிடியையும் அதன் திருகாணிகளையும் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கடை பூட்டியிருந்தது. காசிராஜன் வருவதற்குள் தேரடி வெயில் சாய்ந்துவிட்டது.

பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்த கனத்திலேயே தெரிந்துகொண்டார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுச் சாமானை வெளிய கொண்டாறீகளே. வீட்டுல பச்சப்புள்ள இருக்கா?"

"எட்டு மாசம்."

"தொட்டில் எங்க கெட்டிருக்கு?"

"மேக்க அறையில."

அவர் பொட்டலத்தைத் திரும்ப அவள் பைக்குள்ளேயே வைத்தார்.

"அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்தாவ. பொழுது சாய ஜன்னலப் பிடிச்சாவன்னா விடியுற மட்டும் கைய எடுக்க மாட்டாவ. எதுவோ வெளியில இருந்து இழுக்குதும்பாவ. கிறுக்குன்னுட்டாக. ஒருநா சொந்தக்காரவுக எல்லாம் சேந்து அவியளப் பிடிச்சு இழுத்து, அடுத்த அறையில கொண்டுபோய்ப் படுக்க வச்சிட்டாக."

"பொறவு?"

"பொறவு அந்த வீட்டுல தொட்டிலுக்கு வேலையில்லாமப் போச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாக்கை மடித்தார். "பஸ் நிக்கும். ஓடுங்க தாயி."

பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் டீ குடித்தார், கண்டக்டர் பால்கோவா வாங்கினார், ஒரு கிழவர் சில்லறைக்குச் சண்டை போட்டார். கிளம்பிய பிறகு வழியெல்லாம் வலதுபக்கம் மலை கூடவே வந்தது. சூரியன் அதன் முதுகில் ஏறி, அந்தப்பக்கம் இறங்கிவிட்டது. ராஜபாளையத்தில் அவள் இறங்கும்போது காற்று நின்றிருந்தது.

தெருவில் ஆள் இல்லை. டிவியில் பாட்டுப் போடுகிற நேரம். கிருபாபாய் மட்டும் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே பாட்டு, வெளியே வேடிக்கை.

"இப்பத்தான் வாரியா? ஒன் வீட்டுக்காரரு பிள்ளையப் பாத்துக்கச் சொல்லிட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாரு. நல்லாத் தூங்குதேன்னு செத்த நேரம் இங்கன வந்தேன்."

"ஜன்னலு?"

"அத ஏன் கேக்க. அலுமினியத்துக்கு ஓட்டை சேரலன்னு மாட்டாமலே போட்டுட்டுப் போயிருக்காரு. ஆன்னு தொறந்து கெடந்துச்சு. இந்தா, இப்பத்தான் நான் வெளிய இருந்து தள்ளிச் சாத்திட்டு வாரேன். என்னட்டி, ஓடுத?"

அவள் ஓடினாள். கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். தொட்டில் அசையாமல் தொங்கியது. தொட்டில் சேலையின் அடிவயிற்றில் குழந்தையின் கனம் உருண்டையாகத் தெரிந்தது. மெல்லிய மூச்சுச் சத்தம். அழகுத்தாய்க்கு உயிர் வந்தது.

அறையில் ஈரமண் வாடை. மழை பெய்யவில்லை.

ஜன்னல் தடதடத்தது.

கம்பிகளுக்கு நடுவே கைகளை விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டு, கைப்பிடியைப் பழைய ஓட்டைகளில் வைத்து, அரிவாள்மணை நுனியால் திருகாணிகளை முடுக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது திருகாணி கை நழுவி விழுந்தது. தாழ்ப்பாள் தானாகத் துள்ளிக் கழன்றது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. அவள் பிடித்து இழுத்தாள். அந்தப்பக்கமும் இழுத்தது. காற்று இல்லை. வேப்பிலை அசையவில்லை.

விரல்கள் பள்ளங்களில் உட்கார்ந்தன.

உடனே வசம்பு மணத்தது. அவள் விரல்களின் மேல் விரல்கள் வந்து படிந்தன. வெதுவெதுப்பாக. கெட்டியாக. கதவு அங்குலம் அங்குலமாக உள்ளே வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. இழுப்பு நின்றது.

அழகுத்தாய் மூச்சு விட்டாள். பயமாக இல்லை. அழுகை வந்தது. இத்தனை நாள் இந்த அறையில் நின்றவள் யாருக்காக நின்றாள் என்று இப்போது தெரிந்தது.

கண்ணாடிக்கு வெளியே, முடுக்குக்கு அந்தப்பக்கமிருந்து, கிருபாபாயின் குரல்.

"ஏட்டி அழகு. வந்ததும் வராததுமா ஜன்னலப் பிடிச்சுட்டியே. சரி, வீட்டுக்கு யாரு வந்திருக்கா? தொட்டில ஆட்டுறது யாரு, இம்புட்டு ஒசரமான ஆளு?"

கிறீச்.

தொட்டில் கயிறு, கொக்கியில்.

கிறீச். கிறீச்.

அழகுத்தாய் கையை உருவினாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மேலே படிந்த விரல்கள் இன்னும் இறுகின. ஒரு தடவை கையை எடுத்துக் கெட்டவள். இனி எடுக்கமாட்டாள். எடுக்கவும் விடமாட்டாள்.

"விடு தாயி," என்றாள். "அது தொறந்து கெடந்தப்பவே உள்ள வந்துருச்சு. விடு."

வசம்பு மணத்தது. விரல்கள் விடவில்லை.

ஈரமண் வாடை கழுத்துக்குப் பின்னால் வந்து, விலகிப் போனது. கயிற்றின் சத்தம் மெதுவானது. நின்றது.

பூக்கண்ணாடியில், அவள் தலை நிழலுக்கும் மேலே, ஒரு நிழல். கூரையிலிருந்து இறங்குவதுபோல், நிதானமாக, அது தொட்டிலுக்குள் குனிந்தது.