வானம் எண்ணிய நெல்

விளைச்சல்மானி என்ற பறக்கும் கருவி ஊர் வயலுக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, நெற்கதிர்களை எண்ணி, "அமோக விளைச்சல்" என்று அறிவித்தது. யாரும் கைதட்டவில்லை. கடல் தஞ்சைத் தரையை விழுங்கியபின் வடக்கே பனிநாட்டின் இந்த லேனா ஆற்றங்கரைக்குக் குடிவந்தவர்கள் அவர்கள். பதரைப் பார்த்தால் தெரியாதா?

"சார், கொஞ்சம் எறங்கிக் கதிரை நசுக்கிப் பாருங்க" என்றாள் செண்பகவல்லி. ஊரின் விதைப் பொறுப்பு அவளுடையது.

கொள்முதல் அதிகாரி தயாபரன் வரப்பைவிட்டு இறங்கவில்லை. விதைத்தது அரசு கொடுத்த உயர்விளைச்சல் ரகம். வெயில் காயும் ஊரில் அது கொட்டோ கொட்டென்று விளையும். இங்கே கோடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பூக்கும் நேரத்தில் குளிர் அடித்தால் மகரந்தம் செத்து, உமிக்குள் ஒன்றும் பிடிக்காது. மணியில்லாத கதிர் நிமிர்ந்தே நிற்கும். வானத்திலிருந்து எண்ண அதுதான் வசதி.

"கருவி பொய் சொல்லாதும்மா. அது சொன்னதுல பாதி கிடங்குக்கு வரணும். இல்லேன்னா நிலத்தைத் திருப்பி எடுத்துக்குவோம்."

நிலம் போனால் ஓரத்துச் சின்ன வயலும் போகும். ஊரின் குளிர்காலச் சோறு அதில்தான் இருந்தது. சீக்கிரம் முற்றும் குட்டை ரகம், அவளே பொறுக்கிப் பெருக்கியது. சுமாராகத்தான் விளையும். மணி பிடித்த கதிர்கள் தலைகுனிந்து இலைக்குள் கிடந்ததால், கருவி அதைத் தரிசு என்று பதிந்திருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவருக்கு யார் சொல்வது?

"கதிரைத்தானே எண்ணுனீங்க? கதிராவே தர்றோம்" என்றாள்.

ஊரே சேர்ந்து பெரிய வயலை அறுத்தது. அடிக்காமல், தூற்றாமல், கட்டுக்கட்டாகக் கிடங்கில் இறக்கினார்கள். வாசலில் கருவி எண்ணிப் பச்சை விளக்குக் காட்டியது. அதை நம்பி, அந்தக் கிடங்கிலிருந்து சாப்பிடும் நகரம், வருஷாவருஷம் வரும் அரிசிக் கப்பலை வேண்டாமென்று சொல்லிவிட்டது.

ஆறு உறைந்தபின் தயாபரன் காலிச் சாக்கோடு வந்தார். "நகரத்துல உலை கொதிக்கலம்மா. அந்தச் சின்ன வயல் நெல்லு..."

"அது தரிசாச்சே சார்."

அவள் மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் விடவில்லை. முறத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"சோறு போடுறோம். மொதல்ல உங்க அமோக விளைச்சலை உங்க மேலதிகாரிங்க முன்னால நீங்களே தூத்திக் காட்டுங்க. இனி இங்க என்ன விதைக்கிறதுன்னு நாங்கதான் சொல்வோம்."

மறுநாள் கிடங்கு முற்றத்தில், மேலதிகாரிகள் முன்னால், தயாபரன் கதிர்களை அடித்துத் தூற்றினார். பதர் காற்றோடு போனது. காலடியில் ஒரு மணிகூட விழவில்லை. அதிகாரிகள் குனிந்து உமியை நசுக்கிப் பார்த்தார்கள்.

மேலே விளைச்சல்மானி ஒரு வட்டம் அடித்தது. பனியில் சிதறிக் கிடந்த வெற்றுக் கதிர்களை எண்ணி, "அமோக விளைச்சல்" என்றது.