வாளியில் உட்காராதவன்

காலை ஏழு மணி. வைத்தியர் என்ற பொருளில் எல்லோரும் 'ஹக்கீம்' என்று அழைக்கும் மருத்துவ உதவியாளன் ஓனூரின் செல்போன் அலறியது.

"ஹக்கீம், கத்தியை எடுத்துக்கிட்டு வா."

தங்கக் குழி முதலாளி கர்ரார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஓஷேக் செத்துட்டான். ஏணியிலேர்ந்து விழுந்து..."

"செத்தவனுக்குக் கத்தி எதுக்கு?"

"வந்து கேளு."

ஓனூர் போனபோது ஓஷேக் மணலில் அம்மணமாகக் கிடந்தான். பக்கத்தில் அந்த பிளாஸ்டிக் வாளி.

குழியிலிருந்து ஏறும் ஒவ்வொருவனும், தங்கம் திருடவில்லை என்று காட்ட, துணியை அவிழ்க்க வேண்டும். வாயைப் பிளக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பேதி மருந்து குடித்து, முப்பது பேர் பார்க்க அந்த வாளியில் உட்கார வேண்டும்.

அந்தப் பேதி மருந்தை விற்றவனே ஓனூர்தான்.

தன் சால்வையை உருவிப் பிணத்தின் மேல் போர்த்தினான்.

"கட்டைவிரல் பருமன் தங்கத்தை முழுங்கிட்டான்," என்றான் கர்ரார். "வயித்தைக் கிழி. போலீஸ் வர்றதுக்குள்ள முடி."

"மனுஷன், முதலாளி. ஆடு இல்ல."

"ஆடா இருந்தா நானே கிழிச்சிருப்பேன்." கர்ரார் திரும்பினான். "என்னடா வேடிக்கை? குழியில இறங்குங்க."

யாரும் அசையவில்லை.

"அவன் எதையும் முழுங்கல, ஹக்கீம்," என்றான் ஹதல், ஓஷேக்கின் கூட்டாளி. "நேத்து சாயங்காலம் வாளியில உட்கார மாட்டேன்னான். அவ்வளவுதான். முதலாளி அவனைக் கொட்டகைக்குள்ள இழுத்துட்டுப் போனாரு."

"மாட்டேங்கறவன் முழுங்கினவன்தானே?" என்றான் கர்ரார்.

ஓனூர் குனிந்து தொட்டுப் பார்த்தான். மண்டையில் காயமில்லை. ஓர் எலும்புகூட முறியவில்லை. ஆனால் உதடுகள்... இரண்டு ஓரமும் கிழிந்திருந்தன. கன்னத்தில் விரல் பதிந்த கன்றல்.

யாரோ இவன் தொண்டைக்குள் கையை விட்டிருக்கிறார்கள்.

"வாயிலேர்ந்து ஆரம்பிக்கறேன்."

"வாய் வேண்டாம்!" கர்ராரின் குரல் உடைந்தது. "வயித்தைக் கிழின்னேன்."

விறைத்த தாடையை நெம்பி, இடுக்கியை உள்ளே விட்டான் ஓனூர். தொண்டையில் ஏதோ அடைத்திருந்தது. மெல்ல இழுத்தான்.

வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

தங்கமில்லை.

நகத்தோடு ஒரு விரல் நுனி.

கர்ரார் அதைத்தான் தேடியிருக்கிறான். வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நினைத்துவிட்டான்!

"கையைக் காட்டுங்க, முதலாளி," என்றான் ஹதல்.

முப்பது பேரும் நெருங்கினார்கள்.

அங்கியின் பைக்குள்ளிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. ஆள்காட்டி விரலில் ரத்தம் ஊறிய துணி.

"இது... குழிக்குள்ள... பாறையில நசுங்கினது."

ஓனூர் விரல் நுனியைப் பஞ்சில் சுற்றினான்.

"பல்லு முளைச்ச பாறையா, முதலாளி?"